தெருவுக்கு ஒரு லைசென்ஸ்

என் மனைவியின் அண்ணனை யாராவது பெரிய மனிதர் என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். பைத்தியக்காரர் என்று சொன்னால் அதைவிட அதிகமாக எரிச்சல் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் என்னை இருபது வருஷம் நிறுத்தி வைத்த மனிதர் அவர். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். பெயர் எதற்கு, அது சர்க்கார் காகிதங்களில் வேண்டிய அளவு இருக்கிறது.

எதற்கெடுத்தாலும் அவருக்கு லைசென்ஸ் வேண்டும். எங்கள் சேரியில் நாய் இல்லாத வீடு கிடையாது. யூனியன் ஆபீசுக்குப் போய் நாய்க்குப் பித்தளை வில்லை வாங்கிக் கழுத்தில் மாட்டியவர் அவர் ஒருவர்தான். ஒருமுறை தன் வீட்டுக் கொல்லையில் முருங்கை நடுவதற்கு அனுமதி கேட்டுப் போனார். குமாஸ்தா சிரித்துவிட்டு, முருங்கைக்கெல்லாம் லைசென்ஸ் இல்லையப்பா, போய் நடு என்றாராம். இவர் நடவில்லை. அந்தக் குமாஸ்தா மாற்றலாகிப் போகும்வரை இரண்டு மாதம் காத்திருந்து, புதிதாக வந்தவரிடம் அதே மனுவை நீட்டினார். அவர் என்ன ஏது என்று பார்க்காமல் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் குழி தோண்டினார். தேவையில்லை என்று ஒருவர் சொன்னால், வேறு ஆளைப் பார்க்க வேண்டும் என்றுதான் அவருக்கு அர்த்தம். இதை அப்போதே நான் மனதில் வைத்திருக்க வேண்டும். சிரித்ததோடு விட்டுவிட்டேன்.

வந்த காகிதங்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் காகிதம் எதற்கு என்று முத்திரையின் நிறத்தையும் மடிப்பையும் பார்த்தே சொல்லிவிடுவார். யாராவது கேலி பண்ணினால் கோபப்படமாட்டார். "காயிதம் இருந்தா வாய் வேணாம்" என்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்வார். எனக்குக் காது புளித்துப்போன வாக்கியம் அது.

ஆம்பூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில், மேல்விஷாரத்துச் சாயபு ஒருவருக்குத் தோல் பதனிடும் கிடங்கு இருந்தது. நான் அங்கே தோல் சீவுகிற வேலையில் இருந்தேன். மச்சான் கேட்டில் காவல். சீட்டு இல்லாமல் ஒரு துண்டுத் தோல்கூட அவரைத் தாண்டி வெளியே போகாது. ஒருநாள் முதலாளியே மருமகனுக்குச் செருப்புத் தைக்கவென்று ஒரு நல்ல ஆட்டுத்தோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். இவர் கேட்டை மூடிவிட்டு, சீட்டு எங்கே என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம், இன்றோடு இவர் கதை முடிந்தது என்று. "நம்ம தோலு, நம்ம கேட்டு, நம்மளுக்கே சீட்டா?" என்றார் சாயபு. ஆமாம் என்று தலையாட்டினார் இவர். சாயபு திரும்பிப் போய்த் தன் கையாலேயே சீட்டு எழுதி, அதைத் தன்னிடமே கையெழுத்து வாங்குவதுபோல் ஒரு பாவனை செய்து, கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த ரம்ஜானுக்குப் பித்தளைப் பொத்தான் வைத்த ஒரு காக்கிக் கோட்டு இவருக்கு வந்தது. அதற்கப்புறம் அந்தக் கோட்டைக் கழற்றி நான் பார்த்ததில்லை. சித்திரை வெயிலிலும் அது உடம்பில் இருக்கும்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்று கல்யாணமான புதிதில் என் மனைவி சொன்னாள். வாலிப வயதில் அவரும் அவருடைய அண்ணனும் தலையில் ஆளுக்கொரு கட்டுத் தோலோடு ரயிலடிக்குப் போயிருக்கிறார்கள். போலீஸ் மறித்துத் திருட்டுத் தோலா என்று கேட்டது. இவருடைய சீட்டு முண்டாசில் இருந்தது. அண்ணன் சீட்டைக் கிடங்கிலேயே மறந்து விட்டுவிட்டு வந்திருந்தார். இவரைப் போகச் சொன்னார்கள். அண்ணன் சொன்ன எதையும் யாரும் காதில் வாங்கவில்லை. ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர், அதன் பிறகு சாகும்வரை ஊரில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு மச்சான்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. அந்த இரக்கத்தை வைத்துக்கொண்டு அவரோடு குடித்தனம் பண்ண முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் உப்புப் புளி வாங்கத் தனியாகப் போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் எங்கள் கல்யாண ஊர்வலமோ பாடையோ அந்த வழியாகப் போகக்கூடாது. பாலாற்றங்கரை இடுகாட்டுக்கு நேர்வழி அதுதான். நாங்கள் வயல்வரப்பில் சுற்றி, கிடங்கின் கழிவுத் தண்ணீர் தேங்குகிற குட்டையின் ஓரமாகப் போகவேண்டும். அப்படி இருக்கும்போதுதான், பொதுத் தெருவில் யாரும் போகலாம், யாரும் தடுக்கக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு வந்து ஊரில் தண்டோரா போட்டார்கள். போட்டவன் எங்கள் ஆள். பறையோடு கடைத்தெருவுக்குள் நுழையப் பயந்து முனையிலேயே நின்று, அந்தத் தெருவில் யாரும் போகலாம் என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தான். நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த வருஷம் வந்த முதல் கல்யாணம் மச்சானின் மகளுடையது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஞாயிறு மத்தியானங்களில் எங்கள் சங்கம் கூடும். அங்கே வந்து எல்லோர் முன்னாலும், நாலெழுத்து படித்த என்னைப் பார்த்து, கடைத்தெரு வழியாகப் பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம் போக லைசென்ஸ் கேட்டு ஒரு மனு எழுது என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தண்டோரா போட்டாகிவிட்டது, அது நமக்கு உள்ள உரிமை, உரிமையை எதற்குப் போய்க் கேட்பது என்றேன். சாயங்காலம் வரை வாதம் நடந்தது. சங்கத்தில் பாதிப்பேர் என் பக்கம், பாதிப்பேர் அவர் பக்கம்.

அவர் பேச்சிலும் ஞாயம் இல்லாமல் இல்லை. "உரிமைன்னு சொல்லிக்கினு போறது நீ. அடி வாங்கறது பொண்ணு மாப்ள. காயிதத்தோட போனா போலீசு கூடவே வருவான். இன்னா நஷ்டம் உனக்கு?" என்றார்.

"இன்னிக்குக் கேட்டா குடுப்பான் மச்சான். நாளைக்கிக் குடுக்கமாட்டேன்னா? கேக்கறதுக்குன்னு ஒரு ஆளு இருந்தாலே அது நம்மளோடது இல்ல" என்றேன்.

"குடுக்காம எங்க போய்டுவான். நான் வாங்கிக்கினு வர்றேன், நீ எழுது."

எழுதினேன். அதுதான் என் வெட்கம். அத்தனை பேசிவிட்டு, என் மனைவியின் முகத்தையும் அந்தப் பெண்ணின் முகத்தையும் பார்த்துவிட்டு, என் கையாலேயே எழுதிக்கொடுத்தேன். இன்ன தேதியில், இன்ன மணியிலிருந்து இன்ன மணிவரை, இன்ன தெரு வழியாகப் போக அனுமதிக்க வேண்டியது என்று. தாலுகா கச்சேரியிலிருந்து சிவப்பு முத்திரையோடு லைசென்ஸ் வந்தது. அங்கே இருந்த அதிகாரியும் இது எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் கொடுப்பதற்குத்தானே அவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஊர்வலம் போனது. அதை மறைக்கக்கூடாது. முன்னால் கான்ஸ்டபிள், அவருக்குப் பின்னால் காக்கிக் கோட்டுப் போட்டுக்கொண்டு லைசென்சை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி மச்சான், அப்புறம் மேளம், அப்புறம்தான் பொண்ணு மாப்பிள்ளை. கடைக்காரர்கள் முத்திரையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க்கொண்டார்கள். கிழவிகள் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது. அன்றைக்கு ஒரு நாள் அவர் ஜெயித்தார்.

மறுமாதம் இன்னொரு வீட்டில் கல்யாணம். ஊர்வலம் கடைத்தெரு முனைக்கு வந்ததும் கடைக்காரர்கள் மறித்து, லைசென்ஸ் எங்கே என்று கேட்டார்கள். நேற்றுவரை எங்களைப் போகக்கூடாது என்றவர்கள், லைசென்ஸ் இருந்தால் போ என்றார்கள். கான்ஸ்டபிளும் அதையே சொன்னார், போன மாதம் வாங்கினீர்களே, இப்போது ஏன் வாங்கவில்லை என்று. அவருக்கு என்ன பதில் சொல்வது? திரும்பி வரப்பு வழியாகப் போனார்கள். தண்டோரா போட்டுத் திறந்த தெருவை என் மச்சான் ஒரே ஒரு காகிதத்தால் மூடிவிட்டார். எல்லாக் கல்யாணத்துக்கும் எல்லாச் சாவுக்கும் மனு, கச்சேரி, காத்திருப்பு என்று ஆயிற்று. அவருக்கோ அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு கச்சேரிக்குப் புறப்பட்டுவிடுவார். ஒரு காசு யாரிடமும் வாங்கியதில்லை. அதனால் திட்டவும் முடியாது.

ஐப்பசி மாதம், அடைமழையில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் நைனா இறந்துபோனார். திங்கட்கிழமை வரை கச்சேரி கிடையாது. அதுவரை பிணத்தை வைத்திருக்க முடியாது. ஞாயிறு காலையில், கடைத்தெரு வழியாகவே தூக்குங்கள், யார் மறிக்கிறார்கள் பார்ப்போம் என்றேன். மச்சான் வாசலில் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டார். "காயிதம் இல்லாம வாணாம் மாப்ளே. பொணத்த தோள்ல வெச்சிக்கினு அடி வாங்குறதா?" என்றார். பெரியவர்கள் அவர் சொன்னதுதான் சரி என்றார்கள். வரப்பு வழியாகப் போனோம்.

குட்டையோரத்தில் முன்னால் தூக்கியவனுக்குக் கால் வழுக்கியது. பாடை சாய்ந்து நைனா தண்ணீரில் விழுந்தார். ஆவாரம்பட்டை ஊறிச் சிவந்த, தோல் கழுவின தண்ணீர். நானும் இறங்கித்தான் தூக்கினேன். ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் மறுபடி குளிப்பாட்டினோம். கோடி வேட்டியில் ஏறின சிவப்பு போகவில்லை. அப்படியே புதைத்தோம். வாழ்நாள் முழுக்கக் கிடங்கின் தோல் தொட்டியில் நின்று வேலை செய்த மனிதரை, செத்த பிறகும் அந்தத் தண்ணீரிலேயே முக்கி எடுத்து அனுப்பினோம்.

அதற்குப் பிறகு நான் மச்சானோடு ஒரு வருஷம் பேசவில்லை. கேட்டில் தினமும் இரண்டு தரம் அவரைத் தாண்டித்தான் போவேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பார், நான் நடந்துவிடுவேன். ஒருநாள் மடித்த காகிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார். இன்னொரு மனு எழுதச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நைனாவின் வருஷ திதியன்று எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டார். சொந்தத் தங்கை வீட்டுக்கு வரவும் அவருக்கு அனுமதி வேண்டும். என் மனைவி இலை போட்டாள். அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார். அப்புறம் எப்போதும்போல் பேச ஆரம்பித்துவிட்டோம். மனுக்களும் எப்போதும்போல் போய்க்கொண்டிருந்தன. சில வருஷம் அப்படியே ஓடியது.

அவர் இறந்ததும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். என்னைப் பேஜார் பண்ணவே அந்தக் கிழமையாகப் பார்த்துப் போனார் என்று நினைத்தேன். நெஞ்சில் சளி கட்டி மூன்று நாள் படுத்திருந்தார், அவ்வளவுதான். ஞாயிறு காலையில் மொத்தச் சேரியும் வாசலில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. லைசென்ஸ் வாங்கித் தருகிற ஆளே பாடையில் கிடக்கிறார், எந்த வழியாகப் போவது? கடைத்தெரு வழியாக என்றேன். இந்தத் தரம் வாசலில் கையை நீட்டி மறிக்க யாரும் இல்லை. ஆனால் யாருக்கும் தைரியமும் இல்லை.

உள்ளே அவருக்குக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, இன்றைக்கு உதவுகிற லைசென்ஸ் ஏதாவது இருக்கிறதா பார் என்றார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நாய், முருங்கை, பதினாறு கல்யாணம், ஒன்பது சாவு. அடியில் முத்திரையே இல்லாமல் ஒரு காகிதம் இருந்தது. யாரோ மனு எழுதுகிறவரிடம் கொடுத்து எழுதி வாங்கியது. என் கையெழுத்து இல்லை.

"என் தங்கையின் மாமனார் சென்ற ஐப்பசியில் லைசென்ஸ் இல்லாத காரணத்தால் வரப்பு வழியாய் எடுத்துப்போகப்பட்டு கழிவுக் குட்டையில் விழ நேர்ந்தது. இப்படி இனி யாருக்கும் நேராதபடி, எங்கள் ஜனங்களில் யார் எந்தக் கிழமையில் இறந்தாலும் கடைத்தெரு வழியாய்ப் போகும்படிக்கு என்றைக்குமாய் ஒரே லைசென்ஸ் கொடுக்க வேண்டியது" என்று அதில் இருந்தது. கீழே வேறு மையில் ஒரு அதிகாரி எழுதியிருந்தார். "மனு நிராகரிக்கப்பட்டது. மேற்படி தெரு பொதுத் தெருவானபடியால், அதில் போக யாருக்கும் எந்த லைசென்சும் தேவையில்லை." அதற்குக் கீழே கையெழுத்து.

நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இதைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னார் என்று அவர் மனைவியைக் கேட்டேன். கச்சேரிப் பியூன் பார்த்துவிட்டு, தள்ளிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறான். இவர் அவமானமாக நினைத்து டின்னின் அடியில் வைத்துவிட்டார். அந்த அதிகாரி மாற்றலாகிப் போகும்வரை பொறுத்திருந்து, அடுத்தவரிடம் பழையபடி ஒவ்வொரு சாவுக்கும் தனித்தனியாக லைசென்ஸ் வாங்க ஆரம்பித்திருக்கிறார். முருங்கைக்குச் செய்ததைத்தான் செய்திருக்கிறார். நான் அவரோடு பேசிக்கொண்டிருந்தால் அன்றைக்குக் கேட்டில் அந்தக் காகிதத்தை என்னிடம் கொடுத்திருப்பார். நான் ஒரு வாக்கியம் படித்துச் சொல்லியிருந்தால் போதும். என் வீம்பும் அவர் பைத்தியமும் சேர்ந்து அந்தத் தெருவை இத்தனை வருஷம் பூட்டி வைத்திருக்கிறது. எனக்கு அவரை உலுக்கி எழுப்பி அறைய வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டு அழவும் வேண்டும்போல் இருந்தது.

காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தேன். என் மனைவி பார்த்துவிட்டாள்.

"அத இன்னா பண்ணப் போறீங்க?"

இது ஒன்றுதான் உருப்படியான காகிதம், பத்திரமாக வைக்கவேண்டும் என்றேன்.

"காயிதம் காட்டக்கூடாதுன்னு தானே இத்தினி வருசமா எங்க அண்ணன்கிட்ட சண்ட போட்டீங்க. காட்டமாட்டீங்கன்னா ஒங்களுக்கு எதுக்கு அது? அவரு ஒரு நாளும் காயிதம் இல்லாம அந்தத் தெருவுல போனதில்ல. அவரோட வெச்சி அனுப்புங்க" என்றாள்.

போய் அவருடைய கோட்டுப் பையில் வைத்துப் பித்தளைப் பொத்தானைப் போட்டேன்.

தூக்கினோம். பறை முன்னால் போனது. நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். வழியெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இது பொதுத் தெரு, எங்களுக்கு உரிமை உண்டு, சர்க்கார் உத்தரவு உண்டு என்று வருஷக்கணக்காக நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சு அது. கடைத்தெரு முனையில் அதே பழைய கான்ஸ்டபிள் நின்றார். அவருக்குப் பின்னால் கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர். பறை நின்றது.

"லைசென்ஸ் எங்க?" என்று கேட்டார் கான்ஸ்டபிள்.

என் பேச்சு முழுவதும் எங்கேயோ போய்விட்டது. "இருக்குது ஏட்டையா" என்றேன்.

"காட்டு."

"அவரு ஜோபியில இருக்குது. எடுத்துப் பாத்துக்குங்க."

தோளிலிருந்து பாடையை இடுப்பளவுக்கு இறக்கி அவர் பக்கமாக நீட்டினோம். கான்ஸ்டபிள் காக்கிக் கோட்டையும் பொத்தானையும் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். அத்தனை வருஷமும் அந்த முனையில் அவர் கையில் காகிதத்தைக் கொடுத்த மனிதர்தான் கிடந்தார். பிணத்தைத் தொட்டு, அதுவும் எங்கள் பிணத்தைத் தொட்டு, பொத்தானைக் கழற்றிக் காகிதத்தை எடுக்க அவர் கை வரவில்லை. பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களில் ஒருவரும் முன்னால் வரவில்லை.

"சரி, போங்க. சீக்கிரம் போங்க" என்று ஒதுங்கிக்கொண்டார்.

நாங்கள் சீக்கிரம் போகவில்லை. பறையை நன்றாக அடிக்கச் சொன்னேன். தெருவின் அந்த முனை வரும்வரை எனக்கு அழுகையும் எரிச்சலும் மாறி மாறி வந்தன. அது எங்கள் தெரு என்று சொல்லிக்கொண்டு போக வேண்டிய நாளில், காகிதம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனோம். செத்தும் என்னை அதைச் சொல்ல வைத்துவிட்டார்.

அடுத்த மாதமே ஒரு வீட்டில் சாவு. மனு எழுதித் தருகிறாயா என்று என்னிடம் வந்தார்கள். மாட்டேன் என்றேன். முனையில் கான்ஸ்டபிள் கேட்டபோது, எங்களிடம் காட்ட ஒன்றும் இல்லை, போவதற்கு எதுவும் தேவையில்லை என்று சொல்லிவிட்டு நடந்தோம். அன்றைக்குக் கல் விழுந்தது. இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அதற்கடுத்த தரமும் கல் விழுந்தது. அப்புறம் விழவில்லை. லைசென்ஸ் வேண்டாம் என்று சர்க்காரே எழுதிக் கொடுத்த ஒரே காகிதம் பாலாற்றங்கரை மணலில் மக்கிப்போயிருக்கும். அது கையில் இருந்திருந்தால் கேட்கிறவனுக்கெல்லாம் நான் காட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன். இல்லாமல் போனதால்தான் நடந்தோம்.

மச்சான் இதை ஒத்துக்கொள்ளமாட்டார். புதைக்கறதுக்கு முன்னால நகல் எடுத்து வெச்சியா மாப்ளே என்றுதான் கேட்பார்.